தேர் திரும்பும் முக்கில் ஒரு மஞ்சள் கல்

1

இங்கே அமெரிக்காவில் நான் பார்க்கும் வேலையைச் சொன்னால் நம் ஊரில் சிரிப்பார்கள். யாராவது மண்ணைத் தோண்டப் போகிறார்கள் என்றால், அதற்கு முன்னால் நான் போய், அடியில் என்னென்ன போகிறது என்று மேலே கோடு போட்டுக் காட்ட வேண்டும். கையில் ஒரு கருவி, வண்டியில் பெயின்ட் டப்பாக்கள், கட்டுக்கட்டாகச் சின்னக் கொடிகள். எரிவாயுக் குழாய்க்கு மஞ்சள், தண்ணீருக்கு நீலம், கரண்டுக்குச் சிவப்பு. வீட்டுக்காரர் வேலி போடக் குழி எடுப்பதாக இருந்தாலும் ஒரு நம்பருக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, நாங்கள் வந்து போகும்வரை மண்வெட்டியைத் தொடக் கூடாது. அது இங்கே சட்டம்.

இந்த ஏப்ரலில் ஒரு காலை, முந்தின நாள் கொடி நட்டுவிட்டு வந்த ஒரு வீட்டைத் தாண்டிப் போனேன். மஞ்சள் கொடிகள் வேலியோரமாக வரிசை பிடித்து நின்றன. நான் அப்படி நடவில்லை. குழாய் அந்தப் புல்தரையின் குறுக்கே கோணலாகப் போகிறது. வண்டியை நிறுத்தி இறங்கினேன். தலை நரைத்த ஒருவர் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்தார். புல் வெட்ட இடைஞ்சலாக இருந்ததால் கொடிகளைப் பிடுங்கிவிட்டு, வெட்டி முடித்ததும் மறுபடி நட்டு வைத்ததாகச் சொன்னார். ஏறக்குறைய அதே இடம்தான் என்று சிரித்தார். நல்ல மனிதர். எனக்கு உதவி செய்ததாகவே நினைத்திருந்தார்.

நான் கத்திவிட்டேன். தமிழில்.

"யோவ், ஒனக்கு அறிவிருக்கா? நாளைக்கு ஒருத்தன் மிஷினை எடுத்துக்கிட்டு வந்து இந்தக் கொடியப் பாத்துத்தான்யா தோண்டுவான்! இதை நம்பித்தான்யா தோண்டுவான்!"

அவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அந்தப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு என் அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறார். புகார் சொல்லவில்லை. உங்கள் ஆளுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது, வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

சூப்பர்வைசர் வந்தான். என்ன நடந்தது என்று கேட்டான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், முன்னும் பின்னுமாக, சவரிமுத்துவைப் பற்றிச் சொன்னேன். இந்த நாட்டில் அவனைப் பற்றி வெளியாள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

2

சவரிமுத்து என் தங்கை செசிலியின் வீட்டுக்காரன். அதற்கு முன்பே என் கூட்டாளி.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓர் இடத்தில் தங்கும் கால் இல்லை எனக்கு. முதலில் போர்வெல் லாரியில் ஏறி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போனேன். அந்த லாரியில்தான் சவரிமுத்து. ஒரே பங்குக் கோயில், அடுத்த ஊர்க்காரன். இருவரும் ஒரே தார்ப்பாயின் அடியில் தூங்கினோம். பிறகு சிங்கப்பூரில் ரோட்டோரக் குழி வெட்டினோம். பிறகு ஓமான். அங்கே ஒரு வருடம் சரியான சம்பளம் இல்லை, தண்ணீரில் ரொட்டியை நனைத்துத் தின்றோம். அதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். அங்கேயிருந்து அவன் ஊருக்குத் திரும்பி ஜேசிபி ஓட்டப் பழகி, என் தங்கையைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊரிலேயே குடியேறினான். நான் ரீட்டாவைக் கட்டினேன். அவள் நர்ஸ். குவைத்தில் இருந்தபடியே பரீட்சை எழுதி அமெரிக்காவுக்கு வந்தாள். அவள் விசாவோடு ஒட்டிக்கொண்டு நானும் வந்தேன். சோளக்காட்டுக்கு நடுவில் ஒரு சின்ன டவுன். பெயரைச் சொன்னாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சவரிமுத்து வீடியோவில் கூப்பிடுவான்.

"என்ன மச்சான், இந்த வாரம் எத்தனை கோலம் போட்டே?"

"கோலம் இல்லடா மாப்ள, அது லைன் மார்க்கிங்கு."

"என்ன மார்க்கிங்கோ. ஒந் தங்கச்சி தெனம் வாசல்ல ஓசியிலயே போடுறா. அமெரிக்காக்காரன் ஒனக்குச் சம்பளம் குடுக்குறான். எல்லாம் நேரம்."

"நான் கோலம் போடலைன்னா ஒன்ன மாதிரி ஒருத்தன் வந்து குழாய உடைச்சுப்புடுவான்."

"நானா? நான் பூமிக்கு ஊசி போடுற டாக்டரு மச்சான். ஆரையாச்சும் கேட்டுப் பாரு."

அது மற்ற டிரைவர்கள் அவனுக்கு வைத்த பெயர். ஓர் இடத்தில் ஜேசிபியின் வாளியை இறக்குவதற்கு முன்னால் அவன் வண்டியை விட்டு இறங்கி, கடப்பாரையால் அங்கங்கே குத்திப் பார்ப்பான். பக்கத்து வீட்டில் போய், இங்கே ஏதாவது குழாய் போகிறதா, கரண்டு போகிறதா என்று விசாரிப்பான். நேரத்தை வீணாக்குகிறான் என்று வண்டி முதலாளிக்கு வருத்தம். செசிலியும் கேலி செய்வாள். "எறும்புக்கு வலிக்குமான்னு கேட்டுட்டுத் தோண்டுற ஆளுண்ணே இவரு."

போன வருடம் ஒரு நாள் கோட்டைப்பட்டினம் பக்கத்திலிருந்து கூப்பிட்டான். அங்கே இறால் பண்ணைக்குக் குளம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"நம்ம ஊருக்கும் கேஸு லைன் போட்டாச்சாம் மச்சான். ரோட்டோரமா மஞ்சக் கல்லு நட்டுருக்கானாம். இனிமே ஒன்ன மாதிரி ஆளெல்லாம் எதுக்கு? கல்லே பாத்துக்கும்."

3

என் சூப்பர்வைசர் நான் சொன்னதை மாநில அலுவலகத்தில் மார்லீன் என்ற அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவள் என்னைக் கூப்பிட்டாள்.

மார்லீன் செய்வது ஒரு மானியத்தைக் கவனிக்கும் வேலை. தோண்டுகிறவர்கள் பூமிக்கடியில் இருக்கும் குழாயை உடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்கென்று இந்த நாட்டின் மத்திய அரசு மாநிலங்களுக்கு மானியம் தருகிறது. மானியம் என்றால் நமக்கு உரம், சொட்டுநீர், ஆட்டுக்குட்டி. ஒன்றை உடைக்காமல் இருப்பதற்கும் மானியம் உண்டா என்று முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மார்லீன் பொறுமையாக விளக்கினாள். தோண்டுமுன் கூப்பிடும் நம்பரைப் பற்றி ஊர் முழுக்க விளம்பரம் செய்ய, டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்க, எங்காவது குழாய் உடைந்தால் யார் மேல் தவறு என்று விசாரிக்க ஆள் வைக்க, எல்லாம் அதிலிருந்துதான். ஒவ்வொரு வருடமும் என்ன செய்தோம் என்று எழுதிக் காட்டினால்தான் அடுத்த வருடம் கிடைக்கும்.

அந்த மானியத்தில், தோண்டுகிறவர்களுக்கெல்லாம் ஏப்ரல் கடைசியில் ஓர் இலவசக் காலைச் சாப்பாடு உண்டு. முட்டை, பன்றிக்கறி, காப்பி. சும்மா கூப்பிட்டால் வரமாட்டார்கள், சாப்பாடு என்றால் வருவார்கள். அவர்கள் தட்டில் இருப்பது தீர்வதற்குள் யாராவது ஒருவர் எழுந்து நின்று தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். கை போனவர்கள், பிள்ளையை இழந்தவர்கள் வந்து பேசுவார்கள். இந்த முறை நான் பேச முடியுமா என்று மார்லீன் கேட்டாள். கேட்கிறவர்களில் ஒருவர் பிழைத்தாலும் போதுமே என்றாள்.

சரி என்றேன். யாரையாவது பிழைக்க வைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் சொன்னதாக எழுதினால் அது பொய். என் மாப்பிள்ளை கல்லைப் பார்த்துத்தான் தோண்டினான் என்று ஏதாவது ஒரு சபையில் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஊரில் அதைச் சொல்ல இடமில்லை.

4

என் ஊர் இலுப்பூருக்கும் ஆவூருக்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று செசிலி சொல்லிவிட்டாள். "நான் இங்கதாண்ணே குடியிருக்கணும்."

வைகாசியில் எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழா. கடைசி நாள் பகலில் தேர். கீழத்தெரு முக்கில் தேரைத் திருப்புவதுதான் பெரிய பாடு. தெரு குறுகல். பின்சக்கரம் தெருவை விட்டு வடக்கோர மண்ணில் இறங்கி ஏறினால்தான் தேர் திரும்பும். போன வருடம் திருவிழாவுக்குச் சற்று முன்னால்தான் எரிவாயுக் குழாய் வந்தது. அந்த வடக்கோர மண்ணுக்கு அடியில் குழாய். பின்சக்கரம் இறங்கும் அதே இடத்தில் கம்பெனிக்காரர்கள், அடியில் குழாய் போகிறது என்று காட்டும் மஞ்சள் கல்லை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கு அடுத்த கல் ஊருக்கு வெளியே.

தேரன்று சக்கரம் கல்லில் இடித்தது. விழாக் கமிட்டியில் பெரியவரான பெரியநாயகம் அண்ணன் சொல்ல, இளவட்டங்கள் கல்லைப் பிடுங்கினார்கள். மரியாதையாகத்தான் பிடுங்கினார்கள். தரையில் போடாமல் இரண்டு பேர் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். தேர் திரும்பியது, வெடி போட்டார்கள். கல்லைத் திரும்ப நடப் போகும்போது ஒருவன் சொன்னான்:

"அடுத்த வருசமும் எவன் மாமா புடுங்குறது? அங்கிட்டு நட்டுட்டா தொந்தரவே இல்லைல்ல."

எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. தெருவின் தெற்கோரத்தில் புதிதாகக் குழி எடுத்து, கல்லை நேராக நிறுத்தி, தண்ணீர் ஊற்றி மிதித்து நட்டார்கள். எழுத்து தெருவைப் பார்த்து இருக்கும்படி திருப்பியும் வைத்தார்கள். சவரிமுத்து அப்போதும் கோட்டைப்பட்டினத்தில்தான் இருந்தான். அந்தக் கல்லை முதன்முதலாக அவன் பார்த்தபோதே அது தெற்கில் நின்றது.

ஐப்பசி மழையில் கீழத்தெருவில் தண்ணீர் தேங்கியது. வடிகால் வெட்டச் சவரிமுத்துவின் வண்டியைக் கூப்பிட்டார்கள். தெற்கோரமாக வெட்டுவதாகத்தான் பேச்சு. அவன் வழக்கம்போல வண்டியை விட்டு இறங்கி நடந்து பார்த்தான்.

"இங்கிட்டு கேஸு லைன் போகுது, கல்லு நிக்குது பாருங்க. இங்க வேணாம். வடக்கால வெட்டித் தாரேன்."

தெருவில் நின்றவர்கள் அத்தனை பேரும் இதைக் கேட்டார்கள். அதுவும் சரிதான் என்றார்கள். ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஒரு கல் ஓர் இடத்தில் சில மாதம் நின்றுவிட்டால் எப்போதும் அங்கேயே நின்றது போலத்தான் இருக்கும். கல்லைப் பிடுங்கிய பையன்கள் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். பெரியநாயகம் அண்ணன் வயலில் இருந்தார். வாளி இறங்கி, காற்று சீறும் சத்தம் கேட்ட பிறகுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது.

கல்லில் ஒரு போன் நம்பர் இருந்தது. தோண்டுமுன் கூப்பிடவும் என்று எழுதியும் இருந்தது. அவன் கூப்பிடவில்லை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கல் நிற்கும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் போகிறவன் எதற்குக் கூப்பிடுவான்?

சத்தம் கேட்டதும் அவன் குதித்து ஓடியிருக்கலாம். "அடுப்பை அணைங்க, ஓடுங்க" என்று தெருவைப் பார்த்துக் கத்திவிட்டு, இன்ஜினை நிறுத்தக் குனிந்தான் என்று சொல்கிறார்கள். அப்போதுதான் பற்றியது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான். பேச்சு இருந்தது. செசிலியிடம் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான்.

"கல்லு தெக்காலதானே நின்னுச்சு? நான் சரியாத்தானே பாத்தேன்?"

"தெக்காலதாங்க. நீங்க சரியாத்தான் பாத்தீங்க" என்று அவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவள் அங்கே அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கல் தெற்கில் இல்லை. தீ அணைந்த மறுநாள் காலை கம்பெனிக்காரர்களும் போலீசும் விசாரணைக்கு வருவதற்குள் அதை யாரோ பிடுங்கி, வடக்கோரத்தில் பழைய இடத்திலேயே நட்டுவிட்டார்கள். தெற்கில் இருந்த குழியை மூடி மேலே சாணியும் தெளித்திருந்தார்கள். வந்தவர்கள் பார்த்தபோது கல் குழாய்க்கு மேலே நின்றது. அதன் காலடியில் சவரிமுத்து வெட்டிய பள்ளம். போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

5

அடக்கத்துக்கு நான் போகவில்லை. நிரந்தரமாக இங்கே தங்குவதற்கான எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் இருந்தது. இப்போது நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்றார் வக்கீல். ரீட்டாவின் போனைப் புத்தக அலமாரியில் சாய்த்து வைத்து, பெட்டியை இறக்குவதைப் பார்த்தேன். நடுவில் இரண்டு முறை படம் நின்றுவிட்டது.

சவரிமுத்துவின் கவனக்குறைவு என்று போலீசில் எழுதி முடித்துவிட்டார்கள். கல் எப்போதும் வடக்கேதான் நின்றது என்று ஊரில் கேட்ட எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்லியிருந்தார்கள். செசிலி வீடு வீடாகப் போனாள். அவளைக் கண்டதும் சில வீடுகளில் காப்பி போட்டுக் கொடுத்தார்கள், அழுதார்கள், சவரிமுத்து எப்படிப்பட்ட மனுசன் என்று பேசினார்கள். கல் பேச்சை எடுத்ததும் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்கள். பங்குச் சாமியாரிடம் போனாள். விசாரித்துப் பேசுகிறேன் என்றார், நல்ல மனதோடுதான். அதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது.

பெரியநாயகம் அண்ணனிடம் நானே போனில் பேசினேன்.

"அண்ணே, கல்லு தெக்கே இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

அவர் வீட்டை விட்டு வாசலுக்கு இறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்.

"அடைக்கலம், அவன் போயிட்டான். இனி அந்தப் பயலுகளையும் உள்ள தள்ளணுமா? கல்யாணம் காட்சி பாக்க வேண்டிய பயலுகடா. அதுல ஒருத்தன் ஒன் சித்தி மகன்."

"எந் தங்கச்சி?"

"அவளுக்கு ஊரே இருக்குல்ல. நீ அங்கிட்டு உக்காந்து பேசுறது லேசு. இங்க வந்து நாலு வாசல்ல நின்னு பேசிப் பாரு."

நான் போனை வைத்தேன்.

செசிலி நஷ்டஈட்டுப் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் கேட்டது வேறு. "கவனம் இல்லாத ஆளுன்னு எழுதிட்டாங்கண்ணே. அவரையா?" என்றாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதைத்தான் கேட்டாள். பூசை முடிந்து அவன் கூப்பிடும் அதே நேரத்துக்கு அவள் கூப்பிடத் தொடங்கியிருந்தாள்.

6

மார்லீன் கேட்ட பேச்சை எழுதிக் கொடுக்கச் சொல்லி என் மகளிடம் போனேன். ஜெனி பத்தாவது படிக்கிறாள். தமிழில் கேட்டால் பாதி இங்கிலீஷில் பதில் சொல்வாள். நான் சொல்வது அவளுக்குப் புரிகிறது என்பதே எங்கள் வீட்டில் ஒரு பெரிய விஷயம்.

"எந்த அங்கிள்ப்பா? போன்ல கோலம் கோலம்னு ஜோக் அடிப்பாரே, அவரா?"

"அங்கிள் இல்லடி, மாமா. ஒன் அத்தையோட வீட்டுக்காரரு."

"ஓகே. மாமா."

நான் சொல்லச் சொல்லத் தட்டினாள். தேர் வந்ததும் நின்றாள்.

"சாரியட்னு போட்டா குதிரை ரேஸ்னு நெனைப்பாங்க. பரேட் ஃப்ளோட்னு போடவா?"

பரேட் ஃப்ளோட் என்பது இங்கே லாரியில் காகிதப் பூவை ஒட்டிக்கொண்டு, ரோட்டோரப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசிப் போவது. வேண்டாம் என்றேன்.

"தேர்னே போடு."

"யாருக்கும் புரியாதுப்பா."

"புரியலைன்னா கேக்கட்டும்."

மார்லீன் தன் கோப்பில் வைக்க ஊர்ப் பத்திரிகைச் செய்தி ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தாள். அந்தத் துண்டை ரீட்டா போனில் வைத்திருந்தாள். ஜெனி அதை மெஷினில் மொழிபெயர்த்துப் படித்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"அப்பா, இதுல மாமா கல்லைப் பாத்தும் கேர்லெஸ்ஸா தோண்டினாருன்னு இருக்கு."

"ஆமா."

"அப்ப நீங்க சொல்றது?"

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. அச்சில் இருப்பதை நம்ப வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் என் வீட்டுக்குள்ளேயே அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அத்தையிடம் கேள் என்றேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டாள். உடைந்த தமிழும் அழுகையும் கதவுக்கு வெளியே கேட்டன. யாருடைய அழுகை என்று தெரியவில்லை. வெளியே வந்ததும் எழுதியதை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். முதல் வரியிலேயே, படிக்கப் போவது நான் என்பதையும் மறந்து, என் மாமா கல்லைப் பார்த்தார் என்று போட்டிருந்தாள். மாமா என்ற சொல்லை அப்படியே விட்டிருந்தாள்.

அந்தக் காலைச் சாப்பாட்டுக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள். பெரிய பெரிய ஆட்கள், மண் ஒட்டிய பூட்ஸ். நான் தாளைப் பார்த்துப் படித்தேன். சில சொற்களை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. தேர் என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கல் மறுபடி வடக்கே போன இடத்தைப் படித்தபோது முள்கரண்டிச் சத்தம் நின்றது.

முடிந்ததும் தோண்டும் மிஷின் ஓட்டுகிற ஒருவன் என்னிடம் வந்தான். தாடி வைத்த தடித்த ஆள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: அவர் குறியைப் பார்த்தார். குறியை விட்டு விலகித் தோண்டினார். எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அதைத்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அங்கேதான் தோண்டியிருப்பேன்.

மார்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நன்றாகப் பேசினீர்கள் என்றாள். ஆனால் ஆண்டறிக்கையில் காகிதத்தில் இருப்பதை மட்டும்தான் அவளால் போட முடியும். காகிதத்தில் இருப்பது கவனக்குறைவு. எச்சரிக்கைக் கல்லுக்கு அருகே தோண்டியதால் ஒருவர் இறந்தார் என்று ஒரு வரி போடலாமா, அதுவும் மற்றவர்களுக்குப் பாடம்தானே என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

வேண்டாம் என்றேன். அவளுக்குப் புரிந்தது. அப்படியானால் எழுதாமலே விட்டுவிடுகிறேன் என்றாள்.

அன்றைக்கே செசிலியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"அந்த டிரைவர் என்னண்ணே சொன்னாரு? இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன்.

"இவரு எடத்துல இருந்தா நானும் அங்கதான் தோண்டியிருப்பேன்னா சொன்னாரு?"

"ஆமாத்தா."

"பேரு என்ன அவருக்கு?"

நான் கேட்க மறந்திருந்தேன்.

7

இந்த வருடமும் வைகாசி வந்தது. கமிட்டி வீடு வீடாகத் திருவிழா வரி வாங்க வந்தது. துக்க வீடென்று செசிலியை விட்டுவிடவில்லை. அவளும் மறுக்கவில்லை. கொடுத்தாள். பெரியநாயகம் அண்ணன் வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார்.

"ஒன்னயக் கேட்டுட்டுச் செய்யணும்னு பேசிக்கிட்டோம் தங்கச்சி. அந்தக் கல்லை... தேரு போற நேரத்துக்கு மட்டும் எடுத்துக்கிரலாமா?"

"எதுக்கு எடுக்கணும்?"

"தேரு திரும்பணும்ல. கல்லு நின்னா திரும்பாதே."

செசிலி அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாளாம்.

"கல்லு எப்பயும் அங்கதானே நின்னுச்சு? போலீஸ்ல அப்படித்தானே சொன்னீங்க? அப்பறம் போன வருசம் தேரு எப்படிண்ணே திரும்புச்சு?"

கூட வந்தவர்கள் தெருவைப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். செசிலி இதை என்னிடம் சொன்னபோது அவள் குரலில் வெற்றி எதுவும் இல்லை. கேட்டுவிட்டதே பாரமாகிவிட்டது போல இருந்தது. "மாதா தேரை நான் மறிச்சேன்னு ஆகக் கூடாதுண்ணே" என்றாள். மறுநாள் தானே ஆளனுப்பி, எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

தேரன்று எனக்கு விடிந்துகொண்டிருந்தது. வேலைக்குக் கிளம்பி வண்டியில் உட்கார்ந்திருந்தேன். செசிலி வீடியோவில் கூப்பிட்டாள். சவரிமுத்து போன பிறகு கீழத்தெரு முக்குக்கு அவள் போனதே இல்லை. அன்று போய் நின்றாள். போனை யார் முகத்துக்கும் காட்டவில்லை. கீழே மண்ணைப் பார்த்தபடி பிடித்திருந்தாள். நான் கால்களைத்தான் பார்த்தேன். கல்லைப் பிடுங்கும்போது மண் உதிர்ந்தது. பிறகு தேர்ச்சக்கரம் அந்த மண்ணில் இறங்கி, ஆடி, ஏறிப் போனது. மேளம், பாட்டு, வெடி எல்லாம் கேட்டது.

கூட்டம் தேரோடு நகர்ந்தது. நான்கைந்து பேர் மட்டும் கல்லோடு பின்தங்கினார்கள். இந்த முறை அங்கிட்டு, இங்கிட்டு என்று ஒருவரும் சொல்லவில்லை. கல்லைத் தூக்கிவந்து வடக்கோரத்தில் அது வெளியே வந்த அதே குழியில் இறக்கினார்கள். ஒரு பையன் மண்ணைத் தள்ளினான். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு கால் சுற்றிச் சுற்றி மிதித்தது. அந்தக் கால் பெரியநாயகம் அண்ணனுடையது என்று அவர் பேசிய பிறகு தெரிந்தது.

"பழைய எடந்தானே தங்கச்சி? நீயே பாத்துச் சொல்லு."

சுற்றி நின்றவர்களில் ஒருவரும், பழைய இடம் என்றால் என்ன, வேறு இடம் எப்போது இருந்தது என்று அவரைக் கேட்கவில்லை. வண்டியில் இருந்த நான் சாவியைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் அவர் ஏதாவது சொல்வார் என்று. சொல்லவில்லை. மிதிப்பதை நிறுத்திவிட்டு நின்றார்.

செசிலி குனிந்து கல்லின் தலையைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அவள் கையும் மஞ்சள் பெயின்டும் மட்டும் எனக்குத் தெரிந்தன.

"இப்பச் சரியா இருக்கு" என்றாள்.